'ஜவ்வு தேய்ஞ்சு போச்சு, இனிமே குனியாதே': இந்த வாக்கியத்தை நிறுத்துங்கள்

1/ வடக்கனந்தல், கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டுறவங்க, நடவுக்குப் போறவங்க இருக்கும் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு வீட்டில் அந்தப் பை தொங்கும். உள்ளே எம்.ஆர்.ஐ. படம், இடுப்பு பெல்ட், காலியான மாத்திரை அட்டைகள். அந்த வீட்டில் நாற்பது வயசிலேயே வேலையை விட்டு உட்கார்ந்துவிட்ட ஒருத்தரும் இருப்பார். பல நேரம் அவரை உட்கார வைத்தது மேலே தலைப்பில் உள்ள அந்த ஒற்றை வாக்கியம்.

2/ அந்தப் படத்துக்கு எவ்வளவு செலவு? சிலருக்குத் தோடு அடகுக்குப் போயிருக்கும். சரி, படம் என்ன சொல்லுது? 2015-ல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பார்த்தது. 20 வயசுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம். 50 வயசில் 80 சதவீதம் பேருக்கு. இவங்க யாருக்கும் வலி கிடையாது!

3/ அதாவது தலைமுடி நரைப்பது போல ஜவ்வும் வயசாகுது. நரைச்ச முடியைக் காட்டி "உங்க தலைவலிக்கு இதுதான் காரணம்"னு சொன்னா சிரிப்பீங்க. தேய்ஞ்ச ஜவ்வைக் காட்டிச் சொன்னா மட்டும் ஏன் அப்படியே நம்புறோம்?

4/ "அப்போ எனக்கு வலிக்குதே டாக்டர், அது பொய்யா?" இல்லவே இல்லை. வலி நூறு சதவீதம் உண்மை. வலியை உருவாக்குவது மூளை. அடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாப் போவது ஒரு தகவல்தான். "இது ஆபத்தா?" என்று மூளை எடுக்கும் முடிவைத்தான் நாம வலியா உணர்கிறோம்.

5/ 1995-ல் பிரிட்டனின் ஒரு மருத்துவ இதழில் வந்த சம்பவம். ஒரு கட்டடத் தொழிலாளியின் பூட்ஸுக்குள் 15 செ.மீ. ஆணி ஏறிவிட்டது. ஆணியைத் தொட்டாலே துடிச்சுப் போனார், மயக்க மருந்து கொடுக்க வேண்டியதாச்சு. பூட்ஸைக் கழட்டினா, ஆணி விரல் இடுக்கு வழியாப் போயிருக்கு. ஒரு கீறல்கூட இல்லை. அவர் நடிக்கலை. மூளை ஆபத்துன்னு நம்பிடுச்சு, அவ்வளவுதான்.

6/ நம்ம ஊர் ஆள் ஒருத்தரின் வேலையையும் சொல்றேன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன். வெட்டி எடுக்கப்பட்ட கை இன்னும் வலிக்குதுன்னு சொன்னவர்களிடம் 1990-களில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினார். சிலருக்கு வலி குறைந்தது. கையே இல்லாத இடத்தில் எந்த ஜவ்வு தேயும்?

7/ உடம்பில் ஏற்பட்ட காயம் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிடும். மூணு மாசம் தாண்டியும் வலி நீடிச்சா அதை நாள்பட்ட வலி என்கிறோம். பல பேருக்கு அப்போது நரம்பு மண்டலமே கூர்மையாகி இருக்கும். திருடன் போன பிறகும் விடிய விடியக் குரைக்கிற நாய் மாதிரி. பயம், தூக்கமின்மை, கடன் கவலை, எல்லாமே அந்த நாயை உசுப்பி விடும்.

8/ இப்போ தலைப்பைத் திரும்பப் படிங்க. "தேய்ஞ்சு போச்சு, குனியாதே." இதைவிட நல்லா ஒரு மூளையை பயமுறுத்த முடியுமா? பயந்தவர் அசைய மாட்டார். அசையாதவருக்குத் தசை பலம் போகும். அப்புறம் கொஞ்சம் அசைந்தாலும் வலிக்கும். "பார்த்தியா, சொன்னாங்கள்ல"ன்னு பயம் இன்னும் கூடும்.

9/ இன்னொரு கொடுமை எதிர்ப்பக்கம். "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, உனக்கு மனசுலதான் வலி", "வேலைக்குப் போகாம இருக்க நடிக்கிறா". மாமியார் சொல்லலாம், மேஸ்திரி சொல்லலாம், மருத்துவரே சொல்லலாம். எல்லாம் தப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நாள்பட்ட வலி 2022 முதல் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கு.

10/ மூளை கற்றுக்கொண்டதை மாற்ற முடியுமா? அமெரிக்காவில் நாள்பட்ட முதுகுவலி இருந்த 151 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. "இந்த வலி ஆபத்தில்லை" என்று மூளைக்கு மறுபடி கற்றுக்கொடுக்கும் பயிற்சி, நான்கு வாரம். பயிற்சி பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி முழுசாவோ ஏறக்குறைய முழுசாவோ போச்சு. வழக்கமான சிகிச்சையிலேயே தொடர்ந்தவர்களில் 10 சதவீதம் பேருக்குத்தான். ஒரே ஆய்வு, எல்லாருக்கும் இப்படி ஆகும்னு உத்தரவாதம் இல்லை. ஆனா கதவு திறந்திருக்கு.

11/ 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட முதுகுவலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. வேண்டும் என்றது: நோயைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி. வேண்டாம் என்றவற்றில் இடுப்பு பெல்ட்டும் இழுவை சிகிச்சையும் உண்டு. நம்ம கடைவீதியில் எது அதிகம் விக்குதுன்னு நீங்களே பாருங்க.

12/ வாரம் ஒரு ஊசி போட்டுக்கிட்டு வேலைக்குப் போறவங்களே, வெயிலில் தண்ணி குடிக்காம உழைக்கிற உடம்புக்கு அந்த வலி ஊசியும் மாத்திரையும் கிட்னியில் கை வைக்கும். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தா சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். சீட்டு இல்லாம வாங்காதீங்க.

13/ "மூளைன்னு சொல்லி முதலாளியைத் தப்பிக்க விடுறீங்களா?" நல்ல கேள்வி. தூங்க நேரமில்லாத வேலையும், முன்பணக் கடனும், ஓய்வே இல்லாத கூலியும் மூளையை எச்சரிக்கையிலேயே வைக்கும். அதனால் நியாயமான கூலியும் ஓய்வும் வலிக்கான சிகிச்சையில் சேர்ந்தவைதான்.

14/ கவனம்: சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, கால் பலம் குறைவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, விழுந்த பின் வந்த வலி, ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவர்கள். இதில் ஒண்ணு இருந்தாலும் உடனே மருத்துவமனை. அங்கே ஸ்கேன் அவசியம்.

15/ இவை இல்லைன்னு மருத்துவர் உறுதிப்படுத்தினால்: முதல் வாரம் தெருமுனை வரை நடங்க. அடுத்த வாரம் கோயில் வரை. கொஞ்சம் வலிச்சா "காயம் இல்லை, நாய் குரைக்குது"ன்னு சொல்லிக்கோங்க. விட்ட வேலையைக் கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. குனிங்க. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உரிமையோட கேளுங்க.

16/ சக மருத்துவர்களுக்கு ஒரே வேண்டுகோள். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டும்போது இன்னும் ஒரு வரி சேருங்க: "உங்க வயசுக்கு இது சகஜம், உங்க முதுகு பலமாத்தான் இருக்கு." இதுக்கு அரை நிமிஷம் போதும். அந்த அக்கா மறுபடி வேலைக்குப் போகலாம்.