மறைப்பதால் மறையாத நோய்

குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிய வந்தால், அச்செய்தியைக் காதும் காதும் வைத்தாற்போல் மறைத்துவிடும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் உள்ளது. பிள்ளைகள் பயந்துவிடுவார்களோ, திருமணப் பேச்சு தடைபடுமோ என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். தாத்தா எந்த நோயால் இறந்தார் என்று கேட்டால், “ஏதோ வயிற்றுக் கோளாறு” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இத்தயக்கம் அன்பினால் ஏற்படுவதுதான். ஆயினும், அதுவே அடுத்த தலைமுறையின் உயிருக்கு ஆபத்தாகலாம். பெருங்குடல் புற்றுநோயைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஹென்றி லிஞ்ச் செய்த ஆய்வு இதனைத் தெளிவாக உணர்த்துகிறது.

1962ஆம் ஆண்டில், நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹா நகரில், லிஞ்ச் பயிற்சி பெற்றுவந்த இளம் மருத்துவர். மிதமிஞ்சிய குடியால் உடல் நலிந்த ஒருவரை அவர் அங்குச் சந்தித்தார். தம் குடும்பத்தினர் புற்றுநோயால் இறந்து வருவதாகவும், தமக்கும் அதே முடிவுதான் என்பதால் குடிப்பதாகவும் அந்நோயாளி கூறினார். குடிகாரர் ஒருவரின் புலம்பல் என்று லிஞ்ச் அதனை ஒதுக்கிவிடவில்லை. சமூகப் பணியாளர் ஆன் கிரஷுடன் இணைந்து, அக்குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டினார். யாருக்கு, எந்த வயதில், எந்தப் புற்றுநோய் வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அவற்றை மருத்துவப் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். நோய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருவது புலப்பட்டது. 1966ஆம் ஆண்டில் அவர் இதனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

புற்றுநோய்க்குச் சுற்றுச்சூழலே காரணம் என்று அறிவியலாளர் பலர் நம்பிய காலம் அது. லிஞ்ச்சின் கருத்தைப் பலர் ஏற்கவில்லை. ஆய்வுக்கு நிதி கேட்டபோதும் மறுப்பே கிடைத்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1895ஆம் ஆண்டிலேயே மிச்சிகன் மாநிலத்தில் பாலின் கிராஸ் என்ற தையற்காரப் பெண், தம் குடும்பத்தைத் தொடர்ந்த நோயைப் பற்றி ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற மருத்துவரிடம் மனம் திறந்து பேசியிருந்தார். அக்குடும்பத்தைப் பற்றிய ஆய்வை லிஞ்ச் தொடர்ந்தார். 1971இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் அக்குடும்பத்தைச் சேர்ந்த 650க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் இடம்பெற்றன.

இறுதியில், 1993, 1994ஆம் ஆண்டுகளில் இந்நோய்க்குக் காரணமான மரபணுக்கள் கண்டறியப்பட்டன. உயிரணு பிரியும்போது அதன் மரபுச் செய்தி படியெடுக்கப்படுகிறது. அப்போது நேரும் பிழைகளைத் திருத்துவது சில மரபணுக்களின் வேலை. அச்சுப் பிழை திருத்துபவர் இல்லாத நூலில் பிழைகள் மலிவதைப்போல, அம்மரபணுக்கள் பழுதானால் உயிரணுக்களில் பிழைகள் பெருகிப் புற்றுநோய்க்கு வழிவகுக்கின்றன. இக்குறைபாட்டுக்கு லிஞ்ச்சின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. பெற்றோரில் ஒருவருக்கு இக்குறைபாடு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு.

“விதி அதுதான் என்றால், தெரிந்து என்ன பயன்?” என்று சிலர் கேட்கலாம். இக்கேள்விக்கு, ஃபின்லாந்தில் இத்தகைய 22 குடும்பங்களிடம் 15 ஆண்டுகள் நடத்தப்பட்ட ஆய்வு விடையளிக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை குடல் பரிசோதனை செய்துகொண்டவர்களில் ஒருவர்கூடப் பெருங்குடல் புற்றுநோயால் இறக்கவில்லை. பரிசோதனை செய்துகொள்ளாதவர்களில் 9 பேர் இறந்தனர். குடலில் தோன்றும் சிறு கட்டிகளைப் புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே அகற்றிவிட முடிவதே இதற்குக் காரணம்.

பெருங்குடல் புற்றுநோய் கண்டவர்களில் 100க்கு ஏறத்தாழ மூவருக்குத்தான் இக்குறைபாடு உள்ளது. எனவே, உறவினர் ஒருவருக்கு நோய் வந்துவிட்டது என்பதற்காகக் குடும்பமே கலங்க வேண்டியதில்லை. ஆனால், அந்த மூவரில் ஒருவராக இருப்பவருக்குக் காலம் மிக முக்கியம். பொதுவாக 45 அல்லது 50 வயதில் தொடங்கும் குடல் பரிசோதனையை, இக்குறைபாடு உள்ளவர்களில் பலர் 20 முதல் 25 வயதிலேயே தொடங்க வேண்டும். தாத்தாவும் அத்தையும் எந்த நோயால், எந்த வயதில் பாதிக்கப்பட்டனர் என்று வீட்டில் எவரும் சொல்லாவிட்டால், இளையர் ஒருவர் மருத்துவரை நாட வேண்டிய காலம் கைநழுவிப் போய்விடும்.

உண்மையை மறைப்பதால் திருமணப் பேச்சு தடைபடாமல் போகலாம். ஆனால், மரபணு மாறிவிடாது. பெரியவர்கள் தம் பிள்ளைகளுக்கு நிலத்தையும் நகையையும் விட்டுச் செல்ல விரும்புகிறார்கள். குடும்பத்தின் நோய் வரலாற்றையும் அவற்றோடு சேர்த்துச் சொல்லிச் செல்வது அவர்களது கடமை. அதனைக் கேட்டு, எழுதி, மருத்துவரிடம் காட்டுவது இளையரின் பொறுப்பு. பாலின் கிராஸும் பெயர் அறியப்படாத அந்த ஓமஹா நோயாளியும் வாய் திறந்தனர். அதைக் காதுகொடுத்துக் கேட்க ஆய்வாளர்களும் இருந்தனர். அதனால்தான் இன்று பலர் உயிர்பிழைக்கிறார்கள்.