சாய்த்த எழுத்தும் சாய்ந்த எழுத்தும்

அனலைதீவில் ஒருவர் கண்மூடினால், செய்தி படகுக்கு முன்னமே கடல் தாண்டிவிடும். ரொறன்ரோவில் இருக்கும் மகன் அப்பாவின் படத்தைக் கைபேசியில் அனுப்புவார். பிறப்பிடமும் வதிவிடமும் அனலைதீவு என்று தொடங்கும் மரண அறிவித்தல் யாழ்ப்பாணத்து அச்சகமொன்றில் தயாராகும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு வரும். கல்லில் வெட்டுவதல்ல, இறந்தவரின் வாழ்வையும் வம்சாவளியையும் சொல்லும் நினைவு மலருக்கு யாழ்ப்பாணத்தார் வைத்திருக்கும் பெயர் அது. அதன் அட்டையில் அவருடைய பெயரைப் பெரிதாக, பல வேளைகளில் சாய்வாகப் போடுவார்கள்.

அந்தச் சாய்வு யாரும் வரைந்ததல்ல. பாமினி போன்றதோர் எழுத்துருவில் பெயரைத் தட்டச்சு செய்து, சாய்வுப் பொத்தானை அழுத்தியதும் வந்தது. நிமிர்ந்து நிற்க வரைந்த எழுத்தைக் கணினி தலையில் பிடித்து வலப்பக்கம் தள்ளிவிடுகிறது. வட்டமான சுழி நசுங்கி முட்டையாகிறது. ஊரின் பெயரையே எடுத்துப் பார்க்கலாம். 'தீ'யின் மேல்சுழி வலப்பக்கம் சரிந்து 'வு'வின் தலைக்கு மேல் போய் நிற்கிறது. 'வு'வின் கீழிறங்கும் கோடு இடப்பக்கம் விலகி 'தீ'யின் காலடிக்கு வருகிறது. எழுத்துகளுக்கு நடுவே இருந்த இடைவெளி குலைந்துவிடுகிறது. வாழ்ந்து முடித்த ஒரு மனிதரின் பெயருக்கு இவ்வளவு அக்கறைதானா?

ஐரோப்பாவில் சாய்வெழுத்து இப்படிப் பிறக்கவில்லை. வெனிஸ் நகரப் பதிப்பாளர் அல்டஸ் மனூசியஸ் 1501இல் வேர்ஜிலின் கவிதைகளைச் சிறிய நூலாக அச்சிட்டபோது, பிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற அச்சுவெட்டாளர் அதற்கென்றே புதிய எழுத்தை வெட்டிக் கொடுத்தார். அக்காலத்து அறிஞர்கள் வேகமாக எழுதிய கையெழுத்துதான் அதற்கு மூலம். பெரிய எழுத்துகள் அதில் நிமிர்ந்தே நின்றன. சின்ன எழுத்துகள் மட்டும் சாய்ந்தன. ஆக, சரிவு பிறகு வந்த சங்கதி, கை ஓடிய விதம்தான் முதலில் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்மாவில் போதோனியும் பாரிசில் திதோ குடும்பத்தாரும் தடித்த கோட்டுக்குப் பக்கத்தில் மயிரிழைக் கோட்டை வைத்து, பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கும் எழுத்துகளைச் செய்தார்கள். இன்றைய நாகரிக உடை இதழ்களின் அட்டைகளில் பளிச்சிடுவது அந்த வழிவந்த எழுத்துதான்.

சாய்வும் தடிப்பு மெலிவும் சேர்ந்த அப்படியோர் எழுத்து தமிழுக்கும் வேண்டும். ஆனால் அதை அங்கிருந்து அப்படியே தூக்கிவர முடியாது. பனையோலையில் எழுத்தாணி கீறிய கோடு ஒரே தடிப்பானது. தடிப்பும் மெலிவும் தமிழுக்குத் தூரிகையாலும் அச்சாலும் கிடைத்தவை. எனவே எந்தக் கோட்டைத் தடிப்பாக்குவது என்பதே வடிவமைப்பாளரின் முதல் கேள்வி. நிற்கும் கோடுகளையெல்லாம் தடிப்பாக்கினால் ண, ன இரண்டும் கரிக்கட்டியாகிவிடும். மெல்லிய கோட்டை இன்னும் மெலித்தால் செய்தித்தாளின் சொரசொரப்பான தாள் அதை விழுங்கிவிடும். 'லை'யின் முன்னே வரும் இரட்டைச் சுழியில் எது தடிப்பு, எது மயிரிழை? இவற்றுக்குப் பொத்தான் பதில் சொல்லாது, கைதான் சொல்லவேண்டும்.

அந்தக் கை தீவகத்தில் இருக்கிறது. ஊர்காவற்றுறையில் அனலைதீவுப் படகுக்குக் காத்து நிற்பவர் பக்கத்தில் கட்டிக்கிடக்கும் வள்ளங்களின் முகப்பில் எழுதிய பெயர்களைக் கவனிக்கவேண்டும். தட்டைத் தூரிகையை எனாமல் பெயின்ற்றில் தோய்த்துக் கீழே இழுக்கும்போது கோடு விரிகிறது. திருப்பி மேலே கொண்டுபோகும்போது ஒடுங்குகிறது. வேகத்தில் எழுத்து தானாகவே முன்னோக்கிச் சாய்கிறது. பெயின்ரர் இதை எந்தப் பள்ளியிலும் படித்திருக்கத் தேவையில்லை. அல்டஸ் காலத்து அறிஞரின் பேனா செய்த அதே வேலையை அவருடைய தூரிகை செய்கிறது. டிஜிட்டல் பனர் வந்தபிறகு அந்தக் கைகளுக்கு வேலை குறைந்துவருகிறது. அவர்கள் இருக்கும்போதே அந்த எழுத்துகளைப் படமெடுத்து, எழுதச் சொல்லிப் பதிவுசெய்து வைக்கவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து நுண்கலை மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பணி கிடைக்காது.

எழுத்தில் அக்கறை யாழ்ப்பாணத்துக்குப் புதிதுமல்ல. 'உதயதாரகை' பத்திரிகை 1841இல் வெளிவரத் தொடங்கியது. அடுத்த ஆண்டே மானிப்பாய் அச்சகத்திலிருந்து ஒரு தமிழ் அகராதி வந்தது. நம் காலத்திலும் இலங்கையரான தாரிக் அஸீஸ், கையெழுத்துச் சாயலில் சற்றே சாய்ந்த 'கவிவாணர்' எழுத்துருவைச் செய்து எவரும் இலவசமாகப் பயன்படுத்தக் கொடுத்திருக்கிறார். சாய்ந்தே பிறக்கும் தமிழெழுத்து சாத்தியம் என்பதற்கு அது சாட்சி. அதன் தடிப்பு மெலிவு வேறுபாடு அடக்கமானது. அட்டையில் பெரிதாக நின்று ஒலிக்கும் துணிச்சலான எழுத்து இனித்தான் வரவேண்டும்.

வரும்வரை அச்சகத்தார் ஒன்று செய்யலாம். பெயரைச் சாய்க்காமல், நல்ல நிமிர்ந்த எழுத்தில், சுற்றிலும் தாராளமாக இடம்விட்டுப் போடலாம். புதிய எழுத்துரு கைக்கு வந்தபின்னும் கைபேசித் திரையில் மட்டும் பார்த்துச் சரி சொல்லக்கூடாது. மயிரிழைக் கோடு திரையில் துல்லியமாகத் தெரியும்; தாளில் காணாமற்போகும். கல்வெட்டு அச்சாகப்போகும் அதே தாளில் ஒரு பிரதி எடுத்து, ஊரிலிருக்கும் வயதானவர் ஒருவரிடம் கொடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பெயரை வாசிக்கச் சொல்லவேண்டும்.