இதழியலை விட்டுச் செல்பவர்கள்

இதழியலிலிருந்து விலகி வேறு வேலைக்குச் செல்பவர்களைப் பற்றி நம்மிடையே இரண்டு வகைப் பேச்சு நிலவுகிறது. நல்ல செய்தியாளர் ஒருவரை இழந்துவிட்டோமே என்னும் இரங்கல் ஒரு வகை. சம்பளத்துக்காகக் கொள்கையைக் கைவிட்டார் என்னும் பழி மற்றொரு வகை. இரண்டும் விலகியவரின் மனத்தை மட்டுமே ஆராய்கின்றன. அவர் எந்த நிபந்தனைகளின் கீழ் வேலை பார்த்தார் என்ற கேள்வி இரண்டிலும் எழுவதில்லை. அக்கேள்வியை எழுப்புவதற்குப் புனே நகரம் பொருத்தமானது. இந்தியாவின் பழம்பெரும் இதழியல் மரபுகளுள் ஒன்று இங்கே உருவானது. அதை விட்டு வெளியேறியவர்களின் வரலாறும் இங்கே நீளமானது.

1881இல் 'கேசரி' தொடங்கப்பட்டபோது அதன் முதல் ஆசிரியராக இருந்தவர் கோபால் கணேஷ் ஆகர்கர். மறு ஆண்டே, கோலாப்பூர் திவான் தொடுத்த அவதூறு வழக்கில் அவரும் திலகரும் 101 நாள் சிறையிலிருந்தார்கள். சமூகச் சீர்திருத்தம் குறித்துத் திலகருடன் கருத்து வேறுபாடு முற்றியதால் 1887இல் ஆகர்கர் கேசரியிலிருந்து விலகினார். ஆனால் அவர் எழுத்தை விடவில்லை. 1888இல் 'சுதாரக்' என்னும் சொந்த இதழைத் தொடங்கினார். அந்தத் துணிவுக்குப் பின்னால் மிக எளிய காரணமும் ஒன்று இருந்தது: டெக்கான் கல்விச் சங்கத்தின் ஆசிரியப் பணி. வருமானம் சிறியதுதான், ஆயினும் அது இதழின் விற்பனையைச் சார்ந்திருக்கவில்லை. ஊரே எதிர்த்தாலும் அடுத்த மாதம் அடுப்பெரியும் என்ற உறுதி இருந்தது. சமஸ்கிருத அகராதிக்குப் பெயர்பெற்ற வாமன் சிவராம் ஆப்தே 1892இல் மறைந்தபின் ஃபெர்குசன் கல்லூரியின் முதல்வர் பொறுப்பும் ஆகர்கரிடம் வந்தது. 1895இல், நாற்பது வயதை எட்டுமுன்பே அவர் இறந்தார்.

திலகர் எதிர்த்திசையில் சென்றார். 1890இல் கல்விச் சங்கத்தை விட்டு வெளியேறி முழுநேரமும் இதழுக்கும் அரசியலுக்கும் தம்மை ஒப்படைத்தார். சங்கத்தின் ஆயுள் உறுப்பினர்கள் வெளிப்பணிகளில் எந்த அளவு ஈடுபடலாம் என்பதே அந்தப் பூசலின் மையக் கேள்விகளுள் ஒன்று. ஆகர்கர், திலகர் இருவரில் எவர் தியாகி என்று கேட்பது வீண். இதழாளரின் சோற்றுக்கு யார் பொறுப்பு என்னும் சிக்கல் நம் காலத்துச் சீரழிவன்று. அது இந்நகரத்தின் இதழியலோடு உடன்பிறந்தது. இருவரும் அதற்கு வெவ்வேறு விடை கண்டார்கள் என்பதே இங்கே கருதத்தக்கது.

தமிழ் வாசகருக்கு இதே நகரம் மற்றொருவரையும் நினைவூட்ட வேண்டும். 1943இல் 'தினமணி'யிலிருந்து ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் விலகியபோது புதுமைப்பித்தனும் வெளியேறினார். சொக்கலிங்கம் பின்னர் தொடங்கிய 'தினசரி'யில் சில காலம் பணியாற்றி, அதையும் விட்டுத் திரைத்துறைக்குப் போனார். பத்திரிகை தராத வருமானத்தைத் திரைப்படம் தரும் என்ற நம்பிக்கை அவருக்கு மட்டும் உரியதன்று. அக்காலத்து எழுத்தாளர் பலரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். சொந்தப் படநிறுவனம் தொடங்கும் முயற்சி கைகூடவில்லை. பின்னர், சிறையிலிருந்து மீண்டிருந்த தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு உரையாடல் எழுதப் புனே வந்தார். இங்கே காசநோய் முற்றியது. 1948இல் திருவனந்தபுரத்தில் அவர் இறந்தபோது வயது 42. படம் அதன்பின்னரே வெளிவந்தது.

அவருடைய வறுமையை ஓர் எழுத்தாளனின் விதியாகப் பேசுவது நமக்குப் பழகிவிட்டது. நாளிதழில் ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒருவர் வேலையை விட்டபோது அவரைத் தாங்கப் பணிக்கொடையோ மருத்துவப் பாதுகாப்போ ஓய்வூதியமோ இருந்ததா என்று கேட்டால் அதே வாழ்க்கை வேறு விதமாகத் தெரியும். அப்போது அது விதியின் கதையாக இராது. பணிநிபந்தனைகளின் கதையாக இருக்கும்.

விடுதலைக்குப் பின் அந்த நிபந்தனைகளை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வேலைநேரத்துக்கு வரம்பிட்டது. பணிநீக்கத்துக்குமுன் ஆசிரியருக்கு ஆறு மாதமும் மற்றவர்களுக்கு மூன்று மாதமும் முன்னறிவிப்பு வேண்டும் என்றது, ஊதியக்குழுக்களுக்கு வழிவகுத்தது. அந்த வரிசையில் வந்த மஜீதியா குழுவின் பரிந்துரைகள் 2011இல் அறிவிக்கை செய்யப்பட்டன. 2014இல் உச்ச நீதிமன்றம் அவற்றை உறுதிசெய்தது. ஒப்பந்தப் பணியாளருக்கும் அவை பொருந்தும் என்று 2017இல் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. தீர்ப்பு பெற்ற ஒன்றுக்கு மறுபடியும் தீர்ப்பு தேவைப்பட்டதிலிருந்தே நடைமுறை எப்படி இருந்தது என்பது விளங்கும். 1955ஆம் ஆண்டுச் சட்டம் 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் கரைக்கப்பட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பத்திரிகையாளருக்கென்று இருந்த ஊதியக்குழு ஏற்பாடு அதில் இல்லை.

2020 டிசம்பரில் 'புனே மிரர்' நாளிதழை அதன் அப்போதைய உரிமையாளர்கள் நிறுத்தினார்கள். ஊரடங்குக் காலத்தில் நாடெங்கும் செய்தி அறைகள் சுருங்கின. ஒரு நாளிதழ் நிற்கும்போது அதில் இருந்தவர்கள் 'விட்டுச் சென்றார்கள்' என்று சொல்வது மொழியளவிலேயே பிழை. அந்த வினைக்கு எழுவாய் அவர்கள் அல்லர். செய்தியாளர் விலகினார் என்று எழுதப்படும் பல வாக்கியங்களைச் செயப்பாட்டு வினையில் திருப்பி எழுதினால்தான் உண்மை வெளிப்படும்.

இவ்வாறு வெளியேற்றப்பட்டவர் இஞ்ஜவடியின் மென்பொருள் நிறுவனத்தில் கையேடு எழுதச் சென்றாலும், விளம்பரத் துறைக்குச் சென்றாலும் அவர் வாழ்வு ஒருவாறு நிலைபெறலாம். இழப்பு நகரத்துக்கு. 2024 ஜூலையில் கடக்வாஸ்லா அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் சிங்ககட் சாலையை ஒட்டிய குடியிருப்புகளில் புகுந்தது. அத்தகைய ஒரு காலையில் 1961 பான்ஷேத் அணை உடைப்பின் வரலாற்றை அறிந்தவர், ஆற்றின் வெள்ளக்கோடு எங்கே வரையப்பட்டது, எப்போது யாருக்காக நகர்த்தப்பட்டது என்று பதினைந்து ஆண்டுகளாகக் கவனித்தவர், எச்சரிக்கை எத்தனை மணிக்கு விடுக்கப்பட்டது என்று அதிகாரியிடம் கேட்பார். ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்த இளைஞரும் ஊக்கமுள்ளவராக இருக்கலாம். ஆனால் நினைவு ஊக்கத்தால் வருவதன்று. ஒரே துறையில் நெடுங்காலம் இருப்பதால் வருவது. ஊழியரின் நிலையாமை செய்தியின் மறதியாக மாறுகிறது.

'நிலையான வேலை'யின் இலக்கணமாகப் பலரும் சுட்டுவது கல்வித்துறையை. அங்கும் சொற்கள் எச்சரிக்கின்றன. மகாராஷ்டிரக் கல்லூரிகளில் மணிக்கணக்கில் ஊதியம் பெறுவோரை 'தாசிகா தத்வ' ஆசிரியர்கள் என்பார்கள். தமிழ்நாட்டில் அவர்களை ஒத்தவர்களுக்குக் 'கௌரவ விரிவுரையாளர்' என்று பெயர். ஊதியத்தில் குறைந்ததைப் பெயர் ஈடுகட்டுகிறது. அனுபவமுள்ள வல்லுநர்களைப் பேராசிரியர்களாக அமர்த்தப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வகுத்த நெறிமுறையும் அப்பதவிக்கு மூன்றாண்டும், மிஞ்சினால் மேலும் ஓராண்டும் என்று எல்லை கட்டியது. இருபதாண்டு நிலையாமையிலிருந்து தப்பி வருபவருக்கு நான்காண்டு நிலையாமையை வழங்குவதை வரவேற்பு என்று சொல்ல இயலாது.

ஆகவே கல்வியாளர்கள் அறிவுரையைக் குறைத்துக்கொண்டு இரண்டு காரியங்களைச் செய்யலாம். முதலாவது, இதழியல் துறைகள் செய்தி எழுதக் கற்பிக்கும் முதற்பருவத்திலேயே பணி ஒப்பந்தத்தைப் படிக்கவும் கற்பிக்க வேண்டும். முன்னறிவிப்புக் காலம், வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை ஆகியவற்றை அறியாத மாணவர் அறத்தை மட்டும் அறிந்து என்ன பயன்? இரண்டாவது, செய்தி அறையை விட்டு வருபவர்களின் குறிப்பேடுகளையும் துறையறிவையும் நூலகங்களும் ஆய்வுத்துறைகளும் முறையாகத் திரட்ட வேண்டும். ஒரு நகரத்தின் இருபதாண்டு நீர்க்கணக்கும் நிலக்கணக்கும் அந்தத் தாள்களில் இருக்கக்கூடும்.

ஆகர்கரால் எழுத முடிந்ததற்கு அவருடைய துணிவு ஒரு காரணம். மாதந்தோறும் வந்த சிறு ஊதியமும் ஒரு காரணம். துணிவை இளைஞர்களிடம் எதிர்பார்க்கும் சமூகம் அந்தச் சிறு ஊதியத்துக்குப் பொறுப்பேற்காதவரை, விட்டுச் செல்பவர்களைக் குறைகூறும் உரிமை அதற்கு இல்லை.