ரப்பர் மரத்துக்கும் சாட்சி வேண்டும்!

கோட்டாறு கம்போளத்திலிருந்து வடமேற்கே மலையோரம் போனால் அருமனை, குலசேகரம். எங்கும் ரப்பர் தோட்டம். விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் பால் வெட்டப் போகிறார்கள். பட்டையைக் கீறி, வடியும் பாலைச் சேர்த்து, உறைய வைத்து, ஷீட் அடித்து உலர்த்துகிறார்கள். ஷீட் டயர் கம்பெனிக்குப் போகிறது. டயர் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் போகிறது.

"இந்த ரப்பர் எந்தத் தோட்டத்தில் விளைந்தது?" என்று ஐரோப்பா இப்போது கேட்கிறது!

என்ன சட்டம்?

ஐரோப்பிய யூனியனில் 27 நாடுகள். 2023-ல் அவை ஒரு சட்டம் கொண்டுவந்தன. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த ரப்பர், காப்பி, கொக்கோ முதலியவற்றை அங்கே விற்கக் கூடாது. தோட்டம் இருக்கும் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். சுமார் 10 ஏக்கருக்கு மேற்பட்டால் எல்லையையே வரைந்து காட்ட வேண்டும்.

காட்டைக் காக்கும் சட்டம். குறை சொல்வதற்கில்லை. ஆனால் ரப்பர் கன்று பால் தர ஏறக்குறைய 7 வருஷம் ஆகும். இன்று பால் தரும் மரம் அநேகமாக 2020-க்கு முன்பே நட்டது. மரமே சாட்சி! ஐரோப்பா கேட்பதோ காகிதம்.

அரை ஏக்கர்க்காரர் என்ன செய்வார்? பட்டா தாத்தா பெயரில் இருக்கும். பங்கு வாய்ப்பேச்சில் பிரிந்திருக்கும். வியாபாரி பத்துத் தோட்டத்து ஷீட்டை ஒரே கட்டாகக் கட்டுகிறார். அதில் ஒன்றுக்குக் கணக்கு இல்லையென்றால் கட்டு முழுவதும் சந்தேகத்துக்கு ஆளாகிறது.

2025 மே மாதம் இந்தியாவை அபாயம் குறைந்த நாடு என்று ஐரோப்பா சொல்லிவிட்டது. சோதனை குறையும். இடம் காட்டும் வேலை குறையாது. ரப்பர் வாரியம் தோட்டங்களைப் படத்தில் குறிக்கத் தொடங்கியிருக்கிறது.

பால் வெட்டுகிறவர்?

அந்தப் படத்தில் தோட்டம் தெரியும், வெட்டுகிறவர் தெரியமாட்டார். விளையும் நாட்டின் தொழிலாளர் சட்டத்தையும் மதிக்க வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டத்தில் இருக்கிறது. நிலத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அதைப் பற்றி யாரும் பேசக் காணோம். கொட்டும் மழையில் வெட்டு இல்லை. தினக்கூலிக்காரருக்கு அன்று கூலியும் இல்லை. கணக்கு இல்லாத ஷீட்டுக்கு விலை குறைந்தால் அந்த அடியும் அவர் தலையில்தான் விழும்.

சட்டத்தை இருமுறை தள்ளிவைத்தார்கள். ஐரோப்பாவின் பெரிய கம்பெனிகளுக்கு 2026 டிசம்பர் 30 முதலும், சிறிய கம்பெனிகளுக்கு 2027 ஜூன் 30 முதலும் அமல். அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பட்டாவைச் சரிசெய்ய அதுவரைதான் அவகாசம்.