பெட்டிக்கும் தண்ணீரா?

வீட்டில் படம் பார்க்கிற கம்ப்யூட்டருக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி வேண்டுமா என்று விடுதியில் ஒரே வாதம். வேண்டாம் என்பது என் கட்சி.

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் ஆகாது. நம்ம பிராசசர் 65 வாட் ரகம். படம் ஓடும்போது அவ்வளவுகூட இழுக்காது. தண்ணீரும் கடைசியில் ரேடியேட்டர் வழியாக அறைக் காற்றில்தானே சூட்டை விடுகிறது? அதற்கும் ஃபேன் உண்டு, பம்ப் சத்தம் வேற. 2004-இல் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி5-இல் திரவக் குளிர்ச்சி வைத்தது. சிலவற்றில் கசிந்து போர்டே வீணாச்சு.

எங்கள் சித்தேரியில் கசிந்தால் அரூருக்குத்தான் பஸ் ஏறணும். வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா ஆடு வித்து வாங்கித் தந்த பெட்டி. பெரிய ஹீட்சிங்க்கும் மெதுவாகச் சுற்றும் 120 மி.மீ. ஃபேனும் போதும்.

"குடிக்கவே குடத்துல தூக்குறோம், பொட்டிக்கும் தண்ணியா?" என்று அம்மா கேட்டுச்சு. ஒருமுறை ஊற்றினால் அதுவே சுற்றிச் சுற்றி வரும் என்றேன். நம்பவில்லை.