மலை இறக்கம் இல்லாத பிரேக் கணக்கு

தேய்ந்த பிரேக்தான் கீச்சிடும் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. புத்தம் புதிய பேடும் கீச்சிடும். டிஸ்க், பேட், காலிபர் ஒவ்வொன்றுக்கும் தனக்கென இயல் அதிர்வெண்கள் உண்டு. அவற்றில் இரண்டு நெருங்கி நின்றால் உராய்வு அவற்றைப் பிணைத்துவிடும். பிறகு சக்கரச் சுழற்சியிலிருந்தே ஆற்றலை எடுத்துக்கொண்டு அதிர்வு தானாக வளரும். எந்த அதிர்வு அடங்கும், எது வளரும் என்பதை வண்டி உருவாகும் முன்பே கணினியில் பார்த்துவிடலாம். இந்தக் கணக்கின் பெரிய குறை அதற்குள் போடும் எண்களில்தான் இருக்கிறது.

உராய்வுக் குணகத்தைப் பெரும்பாலும் ஒரு நிலையான எண்ணாக வைத்தோ, ஒரு வரம்புக்குள் ஏற்றி இறக்கியோ கணக்கிடுகிறார்கள். மலையில் அது ஓரிடத்தில் நிற்காது. மலையூரான சூரியநெல்லியில் இரவெல்லாம் ஈரம் படிந்த டிஸ்க்கில், காலையின் முதல் மிதிக்குக் கிடைக்கும் உராய்வு வேறு. பூப்பாறை வழியாகப் போடிமெட்டுக்கு ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிநாயக்கனூரைத் தொடும்போது இருப்பது வேறு. 2 டன் வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரைக் குறைத்து எஞ்சினிடம் ஒரு பங்கை விட்டாலும் மீதியில் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாகும். சூரியநெல்லிக்கு அருகிலுள்ள கொழுக்குமலைத் தடத்தில் ஜீப் ஊர்ந்து இறங்கும்போது எழக்கூடிய உறுமலோ இன்னொரு ரகம்: பேட் ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டுவதால் பிறக்கும் தாழ்ந்த ஒலி. கீச்சொலிக்காகப் போட்ட கணக்கில் அது பிடிபடாது.

சத்தத்தால் பிரேக் பிடிப்பு குறைவதில்லை, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். பிடிப்பு குறைவதில்லை என்பது சரிதான். ஆனால் பேட் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கீச்சிட்டு எச்சரிக்கவென்றே பல பேடுகளில் ஒரு மெல்லிய தகடு வைக்கிறார்கள். தினமும் கீச்சிடும் வண்டியில் அந்த எச்சரிக்கையை யார் பொருட்படுத்துவார்?

மாதிரி வண்டியை மலையில் ஓட்டிப் பார்த்தால் போதாதா என்பது வலுவான கேள்வி. கணினியோ ஒலிக்காத அதிர்வுகளையும் ஆபத்தென்று காட்டும். வழக்கமான முறையில் சத்தம் எவ்வளவு பெரிதென்றும் சொல்லாது. ஆனாலும் மாதிரி வண்டி தயாராகும் கட்டத்தில் காலிபரின் வடிவம் முடிவாகியிருக்கும்; பேட் விளிம்பைச் சீவுவதும் பின்னால் ஷிம் என்ற மெல்லிய தகட்டை ஒட்டுவதும்தான் மிஞ்சும். அதோடு, ஒரு வண்டி அந்த ஒரு பேடைப் பற்றித்தான் சொல்லும். கணினியில் நூறு வேறுபாடுகளைச் சோதிக்கலாம், எண்கள் மலையிலிருந்து வந்திருந்தால். அந்த எண்களை அளக்க வசதி இல்லாமல் இல்லை: பிரேக் தொழிலின் பெரிய நிறுவனங்கள் சென்னையில் பாடியிலும் அம்பத்தூரிலும் இருக்கின்றன. ஒரகடத்தில் அரசின் வாகன ஆய்வு மையமே இருக்கிறது. போடிமெட்டு இறக்கத்தில் ஒரு பருவமழைக்காலமும் ஒரு கோடையும் பிரேக்கின் வெப்பம், ஈரப்பதம், மிதி அழுத்தம் ஆகியவற்றை அளந்து அந்த மையம் பொதுவில் வெளியிட்டால், சொந்தச் சோதனைத் தடம் இல்லாத சிறு பேட் தயாரிப்பாளருக்கும் அந்த எண்கள் பயன்படும்.