சேர்ந்து சோதிப்பது சரணாகதி அல்ல

அணுமின் நிலைய மின்தீ ஆய்வில் தொழில்துறையோடு சேர்ந்ததாலேயே அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விலைபோய்விட்டது என்கிறார் ஒரு கட்டுரையாளர். இது அவசர முடிவு. 1975 மார்ச்சில் அலபாமாவின் பிரவுன்ஸ் ஃபெர்ரி நிலையத்தில், காற்றுக்கசிவு பார்க்கப் பிடித்த மெழுகுவத்தியின் தீ நுரை அடைப்பில் பற்றி, 1,600க்கும் மேற்பட்ட கேபிள்களைப் பாழாக்கியது. அவசரக் குளிரூட்டும் அமைப்புகளும் முடங்கின. அன்றைய விதிகள் அதைத் தடுக்கவில்லை; ஆபத்தை முன்கூட்டியே சோதித்து அறிய வேண்டும் என்பதே அதன் பாடம்.

இந்த ஆய்வு பார்க்கும் மின்வில் வெடிப்பில் (மின்சாரம் காற்றினூடே பாய்ந்து வெடிப்பதில்) அலுமினியம் ஆவியாகி எரிந்து வெப்பத்தைக் கூட்டும். எந்தச் சுவிட்ச்கியரில் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சாதனத்தில்) அலுமினியம் இருக்கிறது என்பது நிலையத்தாருக்கே நன்றாகத் தெரியும். அவர்களைக் கேட்காமல் ஆபத்தை எப்படி அளப்பது?

தீர்ப்பு மட்டும் ஆணையத்துடையதாக, தனித்து இருக்க வேண்டும். சோதனைத் தரவுகள் முழுமையாக வெளிவர வேண்டும். கட்டுரையாளர் அதற்காகக் குரல் கொடுக்கட்டும். கூட்டாய்வை நிறுத்தச் சொல்ல வேண்டாம்.